ஒரு சோறு பதம் ஆவது எப்போது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பழமொழியாகும். அகப்பையின் நுனியில் ஒரு பருக்கையை எடுத்து விரலிடையே நசுக்கிப் பார்க்கும் தாய், பானையிலுள்ள ஆயிரமாயிரம் பருக்கைகளைப் பற்றியும் ஒரு தீர்ப்பு வழங்கிவிடுகின்றாள். அத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழைப்பதில்லை. காரணம் யாது? ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. எல்லாப் பருக்கைகளும் ஒன்றாக வெந்தமையால் ஒன்றின் நிலை மற்றவற்றின் நிலைக்குச் சான்றாகிவிடுகின்றது. ஆனால், அதே தாய் நூறு முட்டை வாங்குங்கால், ஒன்றை மட்டும் உடைத்துப் பார்த்து, மற்ற தொண்ணூற்றொன்பதும் நல்லவையே என்று கொள்வதில்லை. முட்டை ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி கூறாது.

அவ்வாறாயின், ஒன்றுக்கொன்று வேறுபடும் சரக்கில் எத்தனையை எடுத்துப் பார்த்தால் முழுமையைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு வரும்? எத்தனை குறை கண்டால் சரக்கைத் தள்ளலாம்? எத்தனை வரை பொறுக்கலாம்? இவ்வினாக்களுக்கு விடை தேடி மனித இனம் நடந்த நெடும்பயணமே இன்று கல்லூரிகளில் ‘கருதுகோள் சோதனை’ என்னும் பெயரால் கற்பிக்கப்படுகின்றது. மாணவர் பலர் இதனை வாய்பாடுகளின் தொகுப்பாக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். இதன் வரலாற்றைப் பார்ப்போமாயின், விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நீதி வழங்க எழுந்த கலையே இது என்பது விளங்கும். அவ்வரலாற்றின் சில படிகளை இங்கு நாம் காண்போம்.

குவியலுக்குள் நுழைந்த கை

கடைத்தெருச் சோதனை பழமையானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்தபோது விரல்கள் ஈரமுற்றதையும், மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் கூறியபோது, மக்கள் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிக் கடிந்துரைத்ததையும் நாம் அறிவோம். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியின் அறப்படிப்பினை பலமுறை பேசப்பட்டுள்ளது. அதில் அடங்கியுள்ள சோதனை முறையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மேற்பரப்பில் இருப்பது விற்பவன் காட்ட விரும்பும் மாதிரி. உள்ளே இருப்பது சரக்கின் உண்மையான மாதிரி. எந்த இடத்திலிருந்து எடுக்கின்றோம் என்பதை விற்பவன் முடிவு செய்தால், சோதனை சோதனையாகாது. இன்றைய புள்ளியியலார் ‘சமவாய்ப்பு முறையில் மாதிரி எடுத்தல்’ என்று வற்புறுத்துவதன் உட்கருத்தும் இதுவேயாகும்.

பின்னர் ஹிஸ்பா என்னும் கடைத்தெருக் கண்காணிப்பு ஒரு துறையாகவே வளர்ந்தது. கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் ஷாம் பகுதியில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, முஹ்தஸிப் என்னும் கண்காணிப்பு அலுவலருக்கென ஒரு கைந்நூலே எழுதினார். அளவைகளையும் எடைக்கற்களையும் எவ்வாறு பார்ப்பது, உணவுப் பண்டங்களிலும் மணப்பொருள்களிலும் மருந்துச் சரக்குகளிலும் கலப்படத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது என்று தொழில்வாரியாக அது விளக்குகின்றது. கலப்படம் உண்டா இல்லையா என்னும் வினாவுக்கு இத்தகைய முறைகள் போதுமானவை. ஆனால், வஞ்சகம் ஏதுமின்றியே சரக்கு ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுமானால் என் செய்வது? எவ்வளவு வேறுபாடு இயல்பு, எவ்வளவு வேறுபாடு குற்றம்? இவ்வினாவிற்கு எண்களின் துணை தேவைப்பட்டது.

நாணயப் பெட்டியும் ஒரு கணக்குப் பிழையும்

இங்கிலாந்தின் நாணயச்சாலையில் 13-ஆம் நூற்றாண்டு முதல் ஒரு சோதனை நடந்துவருகின்றது. அதற்குப் ‘பிக்ஸ் சோதனை’ என்று பெயர். பிக்ஸ் என்றால் பெட்டி. அச்சிடப்படும் நாணயங்களில் அவ்வப்போது சிலவற்றை எடுத்து ஒரு பெட்டியில் இட்டுப் பூட்டிவைப்பர். குறித்த காலத்தில் பெட்டியைத் திறந்து, பொற்கொல்லர் சங்கத்தைச் சேர்ந்த நடுவர்கள் அவற்றின் எடையையும் மாற்றையும் பார்ப்பர். குறைந்தால் நாணயச்சாலைத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும். மனிதக் கைகளால் செய்யப்படுவதில் சிறு வேறுபாடு தவிர்க்க இயலாதாகையால், இவ்வளவு கூடலாம் அல்லது குறையலாம் என்று ஒரு வரம்பும் வகுக்கப்பட்டிருந்தது. தரம் நிர்ணயித்தல், மாதிரி எடுத்தல், விலகலுக்கு வரம்பிடுதல், தீர்ப்புக் கூறுதல் என்னும் நான்கு உறுப்புகளும் இதில் அமைந்திருந்தன.

எனினும் ஒரு நுண்ணிய பிழை பல நூற்றாண்டுகள் மறைந்திருந்தது. நாணயங்களைத் தனித்தனியே நிறுக்காமல் மொத்தமாக நிறுத்து, வரம்பையும் மொத்த எடைக்கு ஏற்பப் பெருக்கிக்கொண்டனர். ஒரு நாணயத்திற்கு ஒரு குன்றிமணி வேறுபாடு அனுமதிக்கப்பட்டால், நூறு நாணயங்களுக்கு நூறு குன்றிமணி என்பது அவர்தம் கணக்கு. பார்வைக்கு இது நேர்மையாகவே தோன்றுகின்றது. ஆனால், சில நாணயங்கள் சற்றுக் கூடியும் சில சற்றுக் குறைந்தும் இருக்குமாதலால் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். தற்செயலான வேறுபாடு எண்ணிக்கையின் அளவுக்கு வளர்வதில்லை. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் அளவுக்கே வளர்கின்றது. அதாவது, நூறு நாணயங்களுக்கு வேண்டிய வரம்பு பத்துக் குன்றிமணியே. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டி மாய்வர் என்னும் கணிதமேதை இவ்வுண்மையை விளக்கினார். அது தெரியாத காலத்தில், நாணயங்களை அளவறிந்து சற்றே இலேசாக அச்சிட எண்ணும் ஒருவர், ஏறக்குறைய அச்சமின்றியே அதனைச் செய்திருக்கலாம்.

1710-ஆம் ஆண்டுச் சோதனையின்போது நாணயச்சாலைத் தலைவராக இருந்தவர் சர் ஐசக் நியூட்டன். பொன் நாணயங்கள் மாற்றுக் குறைந்தவை என்று அவ்வாண்டு நடுவர்கள் கூறினர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 1707-இல் செய்யப்பட்ட பொன்தகடே வேண்டிய அளவுக்கு மேற்பட்ட மாற்று உடையது, குற்றம் நாணயத்தினுடையதன்று என்று நியூட்டன் வாதிட்டார். அளவுகோலையும் அளந்து பார்க்க வேண்டும் என்பது அவ்வழக்கு நமக்குத் தரும் பாடமாகும்.

தற்செயல் என்னும் எதிர்வாதி

அதே 1710-ஆம் ஆண்டு அதே லண்டன் மாநகரில், அரசி ஆனின் மருத்துவராகிய ஜான் ஆர்பத்நாட் ஒரு வியப்பான கணக்கை வெளியிட்டார். 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகளில் அந்நகரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பதிவேட்டைப் புரட்டிய அவர், ஒவ்வோர் ஆண்டும் ஆண் குழந்தைகளே மிகுதி என்று கண்டார். ஆணும் பெண்ணும் பிறத்தல், நாணயத்தைச் சுண்டினால் பூவும் தலையும் விழுவது போன்ற சமவாய்ப்பே என்று வைத்துக்கொள்வோம். அப்போது 82 ஆண்டுகளும் தொடர்ந்து ஆண்களே மிகுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? இரண்டை 82 முறை பெருக்கிவரும் எண்ணில் ஒரு பங்கு. அவ்வெண்ணுக்கு 25 இலக்கங்கள்! ஆகவே சமவாய்ப்பு என்னும் கருத்து நிற்காது என்று ஆர்பத்நாட் முடிவு கட்டினார்.

கருதுகோள் சோதனையின் தருக்கம் முழுவதும் இதில் அடங்கியுள்ளது. முதலில் ‘வேறுபாடு ஏதுமில்லை, காண்பதெல்லாம் தற்செயல்’ என்று ஒரு கருத்தை வைத்துக்கொள்கின்றோம். இதனை இன்மைக் கருதுகோள் என்பர். அது மெய்யாயின் நாம் கண்ட செய்தி நிகழ எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணக்கிடுகின்றோம். வாய்ப்பு மிகச் சிறிதாயின் அக்கருத்தைக் கைவிடுகின்றோம். நீதிமன்றத்தில் குற்றம் நிறுவப்படும்வரை ஒருவர் நிரபராதியே என்று தொடங்குவதை இது ஒத்ததாகும்.

ஆர்பத்நாட் இதனோடு நிற்கவில்லை. இறைவனின் அருளாட்சிக்கு இது கணிதச் சான்று என்றும் எழுதினார். அதற்கு நிக்கோலஸ் பெர்னூலி என்னும் அறிஞர் மறுமொழி கூறினார். 35 முகங்கள் கொண்ட ஒரு பகடையில் 18 முகங்கள் ஆணுக்கும் 17 முகங்கள் பெண்ணுக்கும் உரியவை என்று கொண்டால், பதிவேட்டின் எண்கள் தாமே பொருந்திவிடும் என்பது அவர் வாதம். இறைவனின் திட்டத்தை ஐயுறாத நாமும் இதில் ஒரு நெறியைக் கற்றுக்கொள்ள வேண்டும். ‘சரிபாதி’ என்னும் ஒரு கருத்து வீழ்ந்தது என்பது வேறு. நாம் விரும்பும் மற்றொரு கருத்து நிலைநாட்டப்பட்டது என்பது வேறு. சோதனை முதலாவதை மட்டுமே செய்யும்.

புனைபெயர் மாணவனும் எட்டுக் கோப்பைத் தேநீரும்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலைகள் அறிவியல் கற்றோரை வேலைக்கு அமர்த்தத் தொடங்கின. 1899-ஆம் ஆண்டு வில்லியம் கோசெட் என்னும் இளைஞர் டப்ளின் நகரின் கின்னஸ் ஆலையில் சேர்ந்தார். அவ்வாலை வடித்தது நமக்கு விலக்கப்பட்ட பானமே. எனினும் அங்குப் பிறந்த கணிதம் இன்று மருந்துக்கும் உணவுக்கும் விதைக்கும் பயன்படுவதால் அதனை விட்டு வரலாறு கூறுதல் இயலாது. பார்லித் தானியம் முதலிய மூலப்பொருள்களைச் சோதிக்கும் பணியில் அவருக்குக் கிடைத்த மாதிரிகள் மிகச் சில. நாலைந்து அளவீடுகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டிய நிலை. அன்றிருந்த கணிதமோ நூற்றுக்கணக்கான மாதிரிகளை எதிர்பார்த்தது. சிறு மாதிரியைக் கொண்டு பேசுவோர் எவ்வளவு அடக்கத்தோடு பேச வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, 1908-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஊழியர் தம் பெயரில் எழுதுதலை ஆலை விரும்பாமையால், ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவன் என்று புனைபெயர் பூண்டார். இன்றும் உலகெங்கும் மாணவர்கள் படிக்கும் ‘ஸ்டூடண்டின் டி-சோதனை’ அம்மனிதரின் நினைவேயாகும்.

அடுத்து வருபவர் ரொனால்டு ஃபிஷர். 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர். அங்கு ஒரு மாலை நேரத்தில் பாசி ஆய்வாளரான மியூரியல் பிரிஸ்டல் அம்மையாருக்குத் தேநீர் தரப்பட்டபோது, பாலை முதலில் ஊற்றிய தேநீருக்கும் தேயிலை நீரை முதலில் ஊற்றிய தேநீருக்கும் சுவை வேறு, தமக்கு அது தெரியும் என்று அவர் கூறினார். சுற்றியிருந்தோர் நம்பவில்லை. சோதித்துப் பார்ப்போமே என்ற பேச்சு எழுந்தது. 1935-இல் வெளியான தம் நூலில் ஃபிஷர் இதனை ஒரு பெரும்பாடமாகவே ஆக்கிவிட்டார்.

எட்டுக் கோப்பைகள், நான்கு ஒரு வகை, நான்கு மறு வகை, முறை மாற்றி, சீட்டுக் குலுக்கியது போல் வைக்கப்படும். பால் முதலில் ஊற்றிய நான்கினை அம்மையார் தெரிந்தெடுக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கினைத் தெரியும் வழிகள் 70. ஆகவே வெறும் ஊகத்தால் நான்கையும் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு எழுபதில் ஒன்று; நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. நான்கில் மூன்றையேனும் சரியாகச் சொல்லும் வாய்ப்போ எழுபதில் பதினேழு. ஏறக்குறைய நான்கில் ஒன்று. எனவே மூன்று சரியாக இருந்தாலும் அது சான்றாகாது. நான்கும் சரியாயின் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. எத்தனை கோப்பை, எந்த வரிசை, எது வெற்றி என்பவை யாவும் முதற்கோப்பையை ஊற்றுமுன்னரே முடிவு செய்யப்பட்டன என்பதில்தான் இச்சோதனையின் நேர்மை உள்ளது. அம்மையார் வென்றாரா என்பதை ஃபிஷர் அந்நூலில் கூறவே இல்லை. அவருக்கு வேண்டியது முறையே.

இன்மைக் கருதுகோளை வீழ்த்த இயலும், ஆனால் மெய்ப்பிக்க இயலாது என்பதையும் ஃபிஷர் வற்புறுத்தினார். சோதனையில் குறை தென்படாமை, குறை இல்லாமைக்குச் சான்றன்று.

இருவருக்கும் நீதி

ஆயினும் ஃபிஷரின் முறை ஒரு பக்கத்தையே நன்கு பார்த்தது. போலந்து நாட்டவரான யெர்ஸி நெய்மனும் இங்கிலாந்தின் ஈகன் பியர்சனும் 1928 முதல் இணைந்து ஆராய்ந்து, 1933-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் தவறுகள் இரு வகை என்று தெளிவுபடுத்தினர். நல்லதைக் கெட்டதென்று தள்ளுவது முதல் வகைப் பிழை. கெட்டதை நல்லதென்று கொள்வது இரண்டாம் வகைப் பிழை. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹெரால்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் இதே இரண்டினையும் வணிக மொழியில் ‘உற்பத்தியாளர் இடர்’ என்றும் ‘நுகர்வோர் இடர்’ என்றும் வகுத்து, 1929-இல் வெளியிட்டனர். நீதிமான்களின் மனத்தை உறுத்தும் இரு அச்சங்கள் இவ்வாறு எண்களாக உருப்பெற்றன.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். தீப்பெட்டித் தொழிலைக் கருதுக. குச்சி பற்றுமா என்று அறிய உரசியே பார்க்க வேண்டும். உரசிய குச்சியை விற்க முடியாது. எல்லாவற்றையும் சோதித்தால் சாம்பலே மிஞ்சும். ஆகவே மாதிரி எடுத்தலன்றி வேறு வழியில்லை. நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பழுதிராது என்கிறார் உற்பத்தியாளர். வாங்குபவர் 50 குச்சிகளை எடுத்து உரசுகின்றார். நான்கோ அதற்கு மேலோ பற்றாவிடில் தள்ளிவிடுவேன் என்கிறார். உற்பத்தியாளர் சொன்னது மெய்யாகவே இருந்தும் அவர் சரக்குத் தள்ளப்படும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டிற்கும் குறைவு. அவருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் சரக்கில் உண்மையில் நூற்றுக்குப் பத்துப் பழுது இருந்தாலும், இச்சோதனையில் அது தேறிவிடும் வாய்ப்பு நான்கில் ஒன்று! வாங்குபவர் ஏமாறுவார்.

சரி, மூன்று பழுது கண்டாலே தள்ளுவேன் என்று விதியை இறுக்கினால்? வாங்குபவர் ஏமாறும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்றாகக் குறையும். ஆனால் நேர்மையான உற்பத்தியாளர் தண்டிக்கப்படும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டாக உயரும். ஒருவர் பாரத்தை இறக்கி மற்றவர் தோளில் வைத்ததே மிச்சம். இருவருக்கும் ஒருங்கே நீதி செய்ய ஒரே வழி, மாதிரியைப் பெருக்குவது. 100 குச்சிகளை எடுத்து, ஐந்து பழுது கண்டால் தள்ளுவது என்று வைத்தால், உற்பத்தியாளர் இடர் நூற்றுக்கு ஐந்து. நுகர்வோர் இடர் நூற்றுக்கு இரண்டரைக்கும் குறைவு. நீதிக்கு விலை உண்டு. அவ்விலை மேலும் ஐம்பது குச்சிகள்.

நூற்றுக்கு ஐந்து என்னும் வரம்பைப் பாடநூல்களில் அடிக்கடி காணும் மாணவர், அதனை மாறா விதியென்று மயங்கிவிடலாகாது. அது வசதிக்காக வழங்கிவரும் மரபு. தீக்குச்சிக்கு எந்த வரம்பு தகும், குழந்தைக்கு இடும் ஊசிமருந்துக்கு எந்த வரம்பு தகும் என்பதைக் கணிதம் கூறாது. எந்தப் பிழையால் யாருக்கு எவ்வளவு கேடு என்று சிந்திக்கும் மனிதரே கூற வேண்டும்.

நீலகிரியில் முடிந்த வாழ்வு

மாதிரி பெருகினால் செலவும் பெருகுமே, அதனைக் குறைக்க வழியில்லையா என்னும் வினா இரண்டாம் உலகப் போரின்போது கூர்மையாக எழுந்தது. பல்லாயிரம் குண்டுகளை வெடித்துச் சோதிக்கும் ஏற்பாட்டில், முதற் சில நூறு குண்டுகளிலேயே முடிவு தெரிந்துவிடுகின்றதே, எஞ்சியவற்றை ஏன் வீணாக்க வேண்டும் என்று ஒரு கடற்படை அதிகாரி கேட்டார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆய்வுக் குழுவிடம் அவ்வினா வந்தது. விடை கண்டவர் ஆபிரகாம் வால்டு.

1902-இல் ஹங்கேரி நாட்டின் கொலோஷ்வார் நகரில், மார்க்கப் பற்றுமிக்க யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். சனிக்கிழமையில் பள்ளி செல்ல மார்க்கம் இடந்தராமையால் வீட்டிலேயே கல்வி கற்றார். வியன்னாவில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றும், யூதர் என்பதால் அங்கு அவருக்குத் தக்க பதவி கிடைக்கவில்லை. 1938-இல் அமெரிக்கா சென்று உயிர் பிழைத்தார். ஐரோப்பாவில் எஞ்சிய அவர் குடும்பத்தார் பெரும்பாலோர் நாஜிகளால் மாண்டனர். அவர் 1943-இல் வகுத்த முறைக்குத் ‘தொடர்முறைச் சோதனை’ என்று பெயர். மாதிரியின் எண்ணிக்கையை முன்கூட்டியே நிலைநிறுத்தாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றின் பின்னும் ஏற்கலாமா, தள்ளலாமா, மேலும் ஒன்றைப் பார்க்கலாமா என்று ஒரு விதிப்படி முடிவு செய்ய வேண்டும். விதி மட்டும் முன்னரே எழுதப்பட்டிருக்கும். இரு வகை இடரும் முன்போலவே இருக்க, தேவைப்படும் மாதிரி சராசரியாக ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. போர்க்காலத்தில் மறைத்து வைக்கப்பட்ட இம்முறை, 1947-இல் நூலாக வெளிவந்தது.

இவ்வறிஞரின் வாழ்வு நம் தமிழ் மண்ணில் முடிந்தது என்பதை நம்முள் பலர் அறியார். இந்திய அரசின் அழைப்பின் பேரில் சொற்பொழிவாற்ற வந்த அவரும் அவர் துணைவியாரும் பயணம் செய்த விமானம், 1950 டிசம்பர் 13-ஆம் நாள் நீலகிரி மலையில் மோதி வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 48.

அவரை அழைக்கும் ஆர்வம் இந்தியாவில் எழுந்ததற்குப் பின்னணி உண்டு. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவி, உலகப் புள்ளியியலாரை இந்நாட்டிற்கு வரவழைத்துவந்தார். 1924-இல் தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தவரான வால்ட்டர் ஷூவார்ட், 1947-48-இல் இங்கு வந்து ஆலைகளில் தரக் கட்டுப்பாடு பரவ ஊக்கமளித்தார். 1947-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையே நம் வீட்டு மின்சாதனங்களில் நாம் தேடும் ஐ.எஸ்.ஐ. முத்திரை. அந்நிறுவனம் 1987 முதல் இந்தியத் தரநிர்ணய அமைவனம் என்று வழங்கப்படுகின்றது.

வெவ்வேறு பானைகள்

இத்துணைக் கருவிகள் கைவந்த பின்னரும் உலகம் ஒருமுறை பெரும் விலை கொடுத்தது. இளம்பிள்ளை வாதத்திற்கு ஜோனஸ் சால்க் கண்ட தடுப்பூசி, 1954-இல் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டது. அச்சோதனையின் முக்கியப் பகுதியில் சுமார் இரண்டு இலட்சம் குழந்தைகள் மெய்யான ஊசியையும், சுமார் இரண்டு இலட்சம் குழந்தைகள் அதே தோற்றமுடைய வெற்று ஊசியையும் பெற்றனர். யாருக்கு எது என்பது குழந்தைக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில், ஊசி பெற்றவருள் 33 பேருக்கும் பெறாதவருள் 115 பேருக்கும் வாதம் கண்டது. தற்செயல் என்னும் எதிர்வாதி தோற்றோடினான். 1955 ஏப்ரல் 12-ஆம் நாள் இம்முடிவு அறிவிக்கப்பட்டபோது தாய்மார் மகிழ்ந்தனர்.

சில நாள்களில் அம்மகிழ்ச்சி கலங்கியது. கட்டர் என்னும் நிறுவனம் தயாரித்த தொகுதிகள் சிலவற்றில் கிருமி உயிருடன் இருந்துவிட்டது. குழந்தைகளும் அவர்தம் சுற்றத்தாருமாகச் சுமார் 200 பேர் வாதமுற்றனர். 10 பேர் உயிரிழந்தனர். ஊசி பயன் தரும் என்று காட்டிய சோதனை பொய்யன்று. ஆனால் அச்சோதனை ஒரு பானைச் சோற்றைப் பற்றியது. கடைக்கு வந்தவை வேறு பானைகள். ஒவ்வொரு தொகுதியும் தனியே பதம் பார்க்கப்பட வேண்டியது. பார்க்கத்தான் பார்த்தனர். ஆனால் எடுத்த மாதிரி சிறிது. தேடிய கிருமியோ அரிது. நூற்றில் ஒன்று பழுதான சரக்கில் இருபதை எடுத்துப் பார்த்தால், ஒரு பழுதும் தென்படாமற் போகும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்திரண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியுடன் அப்பழுதைக் காண வேண்டுமாயின் ஏறக்குறைய 300 மாதிரிகள் வேண்டும். பழுது இன்னும் அரிதாயின் ஆயிரங்கள் வேண்டும். மேலும், தேறிய தொகுதிகளின் பதிவை ஒப்படைத்தாற் போதும் என்றிருந்ததால், தேறாமற் கழிக்கப்பட்ட தொகுதிகள் எத்தனை என்பது அரசுக்குத் தெரியவில்லை. குவியலின் மேற்பரப்பு மட்டுமே காட்டப்பட்டது. அதன்பின் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன. தடுப்பூசியும் மீண்டும் மக்கள் நம்பிக்கையைப் பெற்றது.

எனவே, ‘சோதிக்கப்பட்டது’ என்னும் சொல்லைக் கண்டதும் நாம் நிறைவடைந்துவிடலாகாது. அஞ்சி ஒதுக்கிவிடவும் கூடாது. சில வினாக்களைக் கேட்கப் பழக வேண்டும். எத்தனையை எடுத்துப் பார்த்தனர்? யார் தெரிந்தெடுத்தனர்? விதியைச் சோதனைக்கு முன் எழுதினரா, முடிவைக் கண்டபின் எழுதினரா? தேறாதவை எங்கே? பிழை நேர்ந்தால் அதன் சுமை யார் தோளில் விழும்? கல்லூரியில் இப்பாடம் கற்கும் நம் பிள்ளைகள் இவ்வினாக்களோடு வாய்பாட்டை அணுகினால், அதன் எழுத்துகள் பேசத் தொடங்கும். நாளை அவர்களில் ஒருவர் ஆலையில் தரம் பார்க்கும் மேசையில் அமரலாம். மற்றொருவர் கடையில் சரக்கை நிறுத்துக் கொடுக்கலாம். அளவையில் குறை செய்யாமையைக் கடமையாகக் கொண்ட நமக்கு, அளக்கும் முறையிலும் குறை செய்யாமை கடமையே. நேர்மையான வணிகன் தவறாகத் தள்ளப்படாமலும், அறியாத வாங்குநர் ஏமாற்றப்படாமலும் இருக்க எத்தனை பருக்கைகளை நசுக்கிப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கணக்கிடுவார்களாக.